பாலர் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள்: சாய்தளம் மட்டும் போதுமா?

லிஃப்ட் இருக்கு, சாய்தளமும் இருக்கு. அப்படின்னா அந்தப் பாலர் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றதா?

அப்படிச் சொல்லிட முடியாது. சிங்கப்பூரில் கட்டடங்களுக்கான தடையற்ற வசதி விதிமுறைகள் 1990இலேயே வந்துவிட்டன. ஆனால் ஆட்டிசம், பேச்சுத் தாமதம், செவித்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பது படிக்கட்டு அல்ல. வகுப்பு நடக்கும் விதம்.

வகுப்பில் என்ன மாறணும்?

* அன்றைய நடவடிக்கைகளைப் படங்களாகச் சுவரில் ஒட்டலாம். அடுத்து என்ன என்று தெரிந்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பதற்றம் குறையும்.
* சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்கி உட்கார அமைதியான மூலை வேண்டும்.
* செவிப்புலன் கருவி அணிந்த பிள்ளைக்கு ஆசிரியரின் முகம் தெரியணும். மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடாது.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. தேவை, பயிற்சி பெற்ற ஆசிரியர்.

என்ன ஆதரவு கிடைக்கும்?

* குறைந்த அளவு உதவி தேவைப்பட்டால்: டிஎஸ்-எல்எஸ் திட்டம். நிபுணர்கள் பாலர் பள்ளிக்கே வருவார்கள்.
* நடுத்தர அல்லது அதிக உதவி தேவைப்பட்டால்: 7 வயதுக்குட்பட்டோருக்கான 'எபிக்' நிலையங்கள்.
* நடுத்தர உதவி தேவைப்படும் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி: 2021இல் முன்னோடியாகத் தொடங்கிய 'இன்எஸ்பி'. ஆரம்பகாலத் தலையீட்டு ஆசிரியர் அதே வகுப்பில் இருப்பார். பிள்ளை இரண்டு இடங்களுக்கு அலைய வேண்டாம். எல்லாப் பள்ளிகளிலும் இது இல்லை.

பள்ளியில் யாரிடம் பேசுவது?

ஒவ்வொரு பாலர் பள்ளியும் இதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். 2023இன் பிற்பாதியில் நடப்புக்கு வந்த ஏற்பாடு இது. உதவி தேவைப்படும் பிள்ளைகளைச் சீக்கிரமே அடையாளம் காண்பதும், பெற்றோருடனும் நிபுணர்களுடனும் சேர்ந்து திட்டமிடுவதும் அவர் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் அது தொடக்கப்பள்ளி வயதிலிருந்துதான். பாலர் கல்வி கட்டாயம் இல்லை. அதனால் இடம் தேடும் பாரம் இன்னும் பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான்.

சேர்க்கும் முன் என்ன கேட்கலாம்?

"இடம் இருக்கா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். கழிப்பறைக்குப் போக யார் உதவுவார்? வெளியே கூட்டிப் போகும்போது என் பிள்ளையும் வருமா? பதற்றமானால் என்ன செய்வீர்கள்? பதிலிலேயே பள்ளியின் தயார்நிலை தெரிந்துவிடும்.

வளர்ச்சியில் சந்தேகமா? பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்பி வைப்பார்கள். "போகப் போக சரியாகிடும்" என்று காத்திருக்க வேண்டாம். முதல் சில ஆண்டுகளில் கிடைக்கும் உதவிக்குத்தான் பலன் அதிகம்.