கிட்டங்கியில் வளர்ந்த வணிகம்

19ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வட்டித்தொழிலை விரித்தபோது, சிக்கனமே அவர்களுடைய முதல் மூலதனமாக இருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் பல நிறுவனங்கள் கிட்டங்கி எனப்பட்ட ஒரே கடைக் கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் கூடத்தில் ஒரு கணக்குப் பெட்டி, சுவரோரம் ஓர் அலமாரி. தரையில் அமர்ந்தே கொடுக்கல் வாங்கல் நடந்தது.

முதலாளி பெரும்பாலும் சொந்த ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை நடத்தியவர், ஏறக்குறைய மூன்று ஆண்டுத் தவணையில் அனுப்பப்பட்ட முகவர். சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு கிடைத்ததால், கடையின் வளர்ச்சியைத் தன் வளர்ச்சியாகவே அவர் கருதினார். சிறுவர்கள் பெட்டியடிப் பையன்கள் எனப்பட்ட எடுபிடிகளாகச் சேர்ந்து, முகவருக்கு உதவும் அடுத்தாளாக உயர்ந்து, தொழில் பழகிய பின்னரே பொறுப்பேற்றனர். அன்றன்றைய வரவு செலவு அன்றே ஏட்டில் ஏறியது. கணக்கு விவரம் முறையாக ஊருக்குச் சென்றது.

1930களில் நெல் விலை வீழ்ந்ததும் பர்மாவில் கடனுக்கு ஈடான நிலங்கள் பெருமளவில் அவர்கள் கைக்கு வந்தன, ரொக்கம் அந்த நிலங்களிலேயே முடங்கியது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு அங்கிருந்த தொழிலை நிலைகுலைத்தது. பொறுப்பைப் பகிர்வதும் கணக்கை அன்றே முடிப்பதும் எந்தச் சிறு தொழிலையும் வளர்க்கும்; முதலீட்டை ஒரே இடத்தில் குவிப்பது வளர்ந்த தொழிலையும் சாய்க்கும்.