கவர்னர் மன்றோவின் மனைவி

சென்னை தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோ சிலையைப் பலர் பார்த்திருப்போம். கவர்னராகும் முன், 1792 முதல் 1799 வரை நம் சேலம், தருமபுரிப் பக்கம் நிலவரி வேலை பார்த்தவர். அவர் மனைவி ஜேன் கேம்ப்பெல்லைப் பற்றி நாம் பேசுவதில்லை.

1814இல் திருமணம். 1826இல் இளைய மகனுக்கு உடல்நிலை சரியில்லாததால், குழந்தையுடன் ஜேன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மன்றோவும் பதவியிலிருந்து விடுவிக்கக் கேட்டிருந்தார். அடுத்த கவர்னர் வரத் தாமதம். அதற்குள், 1827 ஜூலை 6இல், சுற்றுப்பயணத்தில் பத்திகொண்டாவில் காலரா வந்து இறந்தார். அந்தச் செய்தியும் கப்பலில்தான் மாதக்கணக்கில் போயிருக்கும்.

பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிவிட்டு போன் மணிக்குக் காத்திருக்கும் நம் காலனிக்காரர்களுக்கு, ஜேனின் காத்திருப்பு நன்றாகவே புரியும்.