வாவியின் இரு கரைகள்

இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள மட்டக்களப்பு நகருக்குச் செல்வோர் காண விழைவன பெரும்பாலும் மூன்று. ஒன்று ஒல்லாந்தர் கோட்டை; மற்றொன்று கல்லடிப் பாலம்; மூன்றாவது நிலாக் காலத்தில் வாவியினின்றும் எழும் மீனிசை. இம்மூன்றையும் ஒரு நாளிலே கண்டும் கேட்டும், மறுநாட் காலை புகைவண்டியேறி மீள்வோர் பலர். அவர்கள் கண்டது மட்டக்களப்பின் ஒரு கரையை மட்டுமே. வவுணதீவு தொடங்கி மேற்கே விரிந்து கிடக்கும் மறு கரையைக் காணாதவர், அந்நாட்டின் வரலாற்றிற் பாதியைக் காணாதவரே ஆவர்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. இதன் கீழ்ப்புறத்தை எழுவான்கரை என்றும், மேற்புறத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. எழுவான்கரையின் பெரும்பகுதி கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம். அங்கே தென்னையும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் வளர்ந்தன. ஊர்கள் நெருங்கி அமைந்தன. படுவான்கரையோ வயல்வெளி. எழுவான்கரையிற் குடியிருப்போர் பலருக்குப் படுவான்கரையில் வயல் உண்டு. விதைப்புக்கும் அறுவடைக்கும் அவர்கள் வாவியைக் கடந்தே ஆதல் வேண்டும். ஆகவே வாவி இரு கரைகளையும் பிரிப்பது போலத் தோன்றினும், ஒன்றின் உணவை மற்றொன்றின் உழைப்போடு பிணைத்து நிற்பதும் அதுவே.

இந்நிலையை நன்கறிந்தவர் போலவே அந்நியர் வாவியின் நடுவே கோட்டை அமைத்தனர். 1602 ஆம் ஆண்டில் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்த மாலுமி மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டிக்குச் சென்று, அரசன் விமலதருமசூரியனைச் சந்தித்தான். மலைநாட்டு அரசனுக்கு வெளியுலகோடு தொடர்பு கொள்ளக் கீழ்க்கரைத் துறைகள் வழியாக உள்ளன என்பதைப் போர்த்துக்கேயர் உணர்ந்தனர். அவ்வழியை அடைக்கக் கருதிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, முதலில் திருகோணமலையிலும், பின்னர் 1628 இல் மட்டக்களப்புப் புளியந்தீவிலும் கோட்டை எழுப்பினான். சதுரவடிவும் நான்கு கொத்தளங்களும் உடைய அக்கோட்டைக்கு இரு பக்கங்களில் வாவியும், ஏனைய இரு பக்கங்களில் அகழியும் காவலாயின.

பத்தாண்டுகளுள் நிலை மாறியது. 1638 மே மாதத்தில், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் சேர்ந்து கோட்டையைக் கைப்பற்றினர். அம்மாதம் 23 ஆம் நாள் இருவருக்குமிடையே உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. மீட்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது அரசனின் விருப்பத்தைப் பொறுத்ததா என்பதே அதில் எழுந்த பெரும் பிணக்கு. அரசனின் விருப்பத்தைக் குறிக்கும் சொற்கள் ஒரு படியில் இருந்தன. மற்றொரு படியில் இல்லை. இலங்கையின் கரையோரத்தைப் பின்னர் ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட ஒல்லாந்தரின் ஆட்சிக்கு வித்திட்ட பூசல், இவ்வாவிக் கரையில் எழுதப்பட்ட ஓர் ஏட்டிலே தொடங்கியது எனலாம். 1795 இற் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் வாவி வேறொரு வகையாற் புகழெய்தியது. 1848 செப்டெம்பரில் அங்கு சென்ற எமெர்சன் டெனன்ற் என்னும் அரசாங்க அதிகாரி, கோட்டைக்கு எதிரேயுள்ள துறையின் அருகில் இரவில் தோணியிற் சென்று, நீரடியிலிருந்து எழும் ஒலியைக் கேட்டார். தோணிப் பலகையிற் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது என்றும், ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதத்தை அது ஒத்தது என்றும் அவர் எழுதினார். அது ஊரி என்னும் சிப்பியின் குரல் என்று செம்படவர் அவருக்குக் கூறினர். இருபதாம் நூற்றாண்டில், மட்டக்களப்பிற் பணியாற்றிய லாங் என்னும் அமெரிக்க யேசுசபைக் குருவானவர் அவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. யாழ் நூல் தந்த சுவாமி விபுலானந்தர் இவ்விசையிலே தமிழ்ப் பண்ணின் சாயலைத் தேடினார். கல்லடியில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் அருகே, வாவிக்கு அணித்தாக, அவரது சமாதி அமைந்துள்ளது.

இவையனைத்தும் வாவியின் நகர்ப்புறத்தன. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவை அடைந்தாற் காட்சி மாறுகிறது. கரையோரத்திற் கண்ணா மரங்கள் நீருள் வேர் ஊன்றி நிற்கும். அப்பால் வானத்தின் விளிம்பு வரை நெல்வயல். அதனை அவ்வூரார் வட்டை என்பர். மேற்கே உன்னிச்சைக் குளம் வயல்களுக்கு நீர் வழங்குகிறது. வயலுடைய போடியாரும், அவர் கீழ் வேளாண்மையைப் பார்க்கும் முல்லைக்காரரும், சூடு மிதிக்கும் களவெட்டியும் இக்கரையின் பழைய வாழ்வை அமைத்தவர்களும் அமைத்தவையும் ஆகும். எருமைத் தயிருக்குப் பேர்பெற்றதும் இந்நாடே.

இங்கே கற்கோட்டை இல்லை, கோயில்கள் உண்டு. அவற்றுட் சிறந்தது கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தலைவன், இக்கல் நந்தி புல்லுண்ணுமா என்று எள்ளி வினவ, நந்தி எழுந்து புல்லுண்டது என்று ஊரவர் வழிவழியாகக் கூறுவர். இதனைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் திருகோணமலையிற் கோணேசர் ஆலயம் அதே கொன்ஸ்தந்தீனு த சாவின் காலத்தில் இடிக்கப்பட்டது வரலாறு. அச்செய்தி தென்திசை ஊர்களில் எத்துணை அச்சத்தை விளைத்திருக்கும் என்பதை நந்தியின் கதை உணர்த்துகிறது. கோட்டைச் சுவர் ஆண்டவரின் கருத்தை உரைக்கிறது. கோயிற் கதை ஆளப்பட்டவரின் கருத்தை உரைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டாலன்றி வரலாறு முழுமை பெறாது.

கூத்தும் இத்தகைய சான்றே. அறுவடை முடிந்த பின் வட்டக்களரியில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடியுமளவும் ஆடுவது படுவான்கரை ஊர்களின் வழக்கம். மட்டக்களப்புக் கூத்தின் ஆட்டமுறைகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்தார். பேராதனையில் அரங்கேறிய இராவணேசன் அம்முயற்சியின் பெரும் பேறாகும்.

இக்கரையை அடைவது எக்காலத்தும் எளிதாயிருக்கவில்லை. உள்நாட்டுப் போரின்போது எழுவான்கரை அரச படையினரிடமும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. உழவரும் மாணவரும் நோயாளரும் கடந்து செல்லும் வவுணதீவு, அக்காலத்திற் சோதனைச் சாவடிகளின் ஊராயிற்று. முன்பு நெல்லும் கூத்தும் கடந்த வழியில் அடையாள அட்டையும் பொதியும் சோதிக்கப்பட்டன. 2007 ஆம் ஆண்டு வரை இந்நிலை நீடித்தது. கொக்கட்டிச்சோலைக்குச் செல்லும் மண்முனைத் துறையில் நெடுங்காலம் பாதை எனப்படும் மிதவையே மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்றது. 2014 இல் ஜப்பானிய உதவியுடன் அங்கே பாலம் திறக்கப்பட்டது.

பாலம் அமைந்ததனால் தூரம் குறைந்தது. ஆயினும் ஒரு நாட்டைக் காணச் செல்வோர் கோட்டையோடு நின்றுவிடும் வழக்கம் குறைந்தாலன்றி அப்பாலத்தின் பயன் நிறைவுறாது. புளியந்தீவுக் கோட்டையின் கொத்தளத்தில் ஏறி நிற்பவர், அந்நியர் இவ்விடத்தை ஏன் தேர்ந்தனர் என்பதை நீர்ப்பரப்பை நோக்கி அறியலாம். அந்நீருக்கு அப்பால் எவரை ஆள அவர்கள் முனைந்தனர், அம்மக்கள் எவற்றைக் காத்து வைத்தனர் என்பதை அறிய, அவர் வவுணதீவுக்குச் செல்லுதல் வேண்டும்.