சட்டம் மறைத்த முகங்கள்: நீதியரசர் ஜான் நூனன்

கருவிலிருக்கும் உயிருக்காக வாதாடிய அமெரிக்கக் கத்தோலிக்கச் சட்ட அறிஞர்களுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர் ஜான் நூனன் (1926–2017). பாஸ்டனில் பிறந்தவர்; ஹார்வர்டில் சட்டம் பயின்று, நோட்டர்டேம், பெர்க்லி பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர்; 1985இல் அதிபர் ரீகனால் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்த்தப்பட்டவர். அவரைச் சமயப் போராளி என்று ஒதுக்குவோரும் உண்டு. அந்தக் காரணத்துக்காகவே போற்றுவோரும் உண்டு. இரு சாராரும் அவருடைய பணியின் உயிர்நாடியைத் தொடவில்லை. மனிதரை மனிதராகப் பார்க்கச் சட்டம் மறுக்கும் இடங்களைச் சுட்டிக்காட்டுவதே அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை. 1976இல் அவர் எழுதிய 'சட்டத்தின் மனிதர்களும் முகமூடிகளும்' என்னும் நூல் இதற்குச் சான்று. விடுதலையை முழங்கிய ஜெபர்சனும் அவருடைய சட்ட ஆசான் ஜார்ஜ் வைத்தும், அடிமைகளைச் சொத்தாக வகைப்படுத்திய வர்ஜீனியச் சட்டங்களைச் சீரமைக்கும் பணியில் எப்படி அமர்ந்தார்கள் என்று அதில் கேட்கிறார். கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை எதிர்த்து 1979இல் அவர் எழுதிய நூலை இந்தக் கேள்வியிலிருந்து பிரித்துப் படிக்கவே முடியாது.

அவருடைய வாதம் மறைநூல் வசனத்தில் தொடங்குவதில்லை. 1970இல் அவரே பதிப்பித்த தொகுப்பில் உள்ள கட்டுரை, மனிதப் பெற்றோரிடம் கருவாக உருவானது மனித உயிரே என்பதை அடிப்படையாக வைக்கிறது. புதருக்குள் ஏதோ அசைகிறது, வேட்டைக்காரன் சுடுகிறான். அது மனிதனாக இருக்க இருபது கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்றால் அவனைப் பழிப்பவர் அரிது. ஐந்தில் நான்கு என்றால் மன்னிப்பவர் அரிது. மனிதராக வளரும் வாய்ப்பில் விந்தணுவுக்கும் கருவுக்கும் இடையிலுள்ள தூரம் அத்தகையது என்கிறார் நூனன். நிகழ்தகவு எப்படி மனிதத்தன்மையை நிறுவும் என்ற மறுப்பு நியாயமானதே. தனியாக நின்றால் இந்த வாதம் தளர்ந்துவிடும். ஆனால் அவர் அதைத் துணைச் சான்றாகவே வைத்தார், அடித்தளமாக அல்ல. தாயின் உயிரை அவர் எண்ணவில்லை என்பதும் சரியன்று: கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தையும் கருப்பைப் புற்றுநோயையும் விலக்குகளாக அக்கட்டுரையே ஏற்கிறது. ஆயினும் வறுமையிலும் வன்முறையிலும் கருவுற்ற பெண்ணின் துயருக்கு அவர் இன்னும் நிறைய இடம் தந்திருக்க வேண்டும்.

வட்டியைப் பற்றிய திருச்சபையின் போதனை மாறியதே, கருக்கலைப்பு பற்றிய போதனை மட்டும் ஏன் மாறக்கூடாது என்பது கூர்மையான கேள்வி. வட்டிக் கொள்கையின் வரலாற்றை 1957இலும், கருத்தடை பற்றிய போதனையின் வரலாற்றை 1965இலும் விரிவாக எழுதியவர் நூனனே. திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்துக் கருத்தடை ஆய்வுக் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். மாற்றத்தைக் கண்டு அஞ்சாத அந்த வரலாற்றாசிரியர், கருவுக்கு ஆன்மா எப்போது வருகிறது என்ற சர்ச்சை நூற்றாண்டுகளாக நீடித்தபோதும் கருக்கலைப்பு மீதான கண்டனம் தளரவில்லை என்று கண்டார். சொன்னவர் யார் என்பதாலேயே அந்த முடிவுக்கு எடை கூடுகிறது.

கலிபோர்னியாவில் ராபர்ட் ஆல்டன் ஹாரிசின் மரண தண்டனையை 1990இல் நிறுத்திவைத்த நீதிபதியும் இவரே. பிறக்காத உயிருக்குக் காட்டிய அக்கறையைக் கொலைக் குற்றவாளிக்கு அவர் மறுக்கவில்லை. 1995இல், மருத்துவர் துணையோடு தற்கொலை செய்துகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று ஒரு தீர்ப்பில் எழுதினார். ஏழைகளும் முதியோரும் உடல் ஊனமுற்றோரும் அந்த 'உரிமை'யின் அழுத்தத்துக்கு ஆளாவார்கள் என்று எச்சரித்தார். மறு ஆண்டே அவருடைய நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 1997இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த உரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தனர்.