பயிற்சி பலித்ததா என்று யாரைக் கேட்பது?

போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று. அது பணியில் பயன்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1959-ல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் எல்லா வேலைப் பயிற்சிகளுக்கும் பொருந்தும்படி நான்கு கேள்விகளை வைத்தார். பயிற்சி பிடித்ததா? பாடம் புரிந்ததா? வேலையில் நடத்தை மாறியதா? விளைவு மாறியதா?

நியூயார்க் போலீசாருக்கு 2018-ல், நம்மை அறியாமலே மனதில் இருக்கும் இனப் பாகுபாடு பற்றி வகுப்பு எடுத்தார்கள். 2020-ல் வந்த ஆய்வின்படி விஷயம் புரிந்திருந்தது. ஆனால் தெருவில் யாரை நிறுத்துகிறார்கள், யாரைக் கைது செய்கிறார்கள் என்பதில் இருந்த இன ஏற்றத்தாழ்வு குறைந்ததாகத் தெரியவில்லை!

லூயிவில் நகரில் 2019-ல் பதற்றம் தணிக்கும் பயிற்சி நடந்தது. அங்கே போலீஸ் பலப்பிரயோகம் சுமார் 28 சதவீதம் குறைந்ததாகச் சம்பவப் பதிவுகளை வைத்தே கணக்கிட்டார்கள்.

ஆக நண்பர்களே, இரண்டாவது கேள்வியோடு நிறுத்தினால் காவலருக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். அடி வாங்குபவருக்கு என்ன கிடைக்கும்?