எயிறு, ஈறு, முரசு

பல்லின் அடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் செந்நிறச் சதையை ஈறு என்கிறோம். முடிவு என்ற பொருளிலும் ஈறு என்றொரு சொல் இருப்பதால், பல் முடிகிற இடம் ஆதலால் அது ஈறு என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முடிவைக் குறிக்கும் ஈறு, இறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்தது. கெடு கேடானதும் பெறு பேறானதும் அப்படித்தான். ஈற்றெழுத்து, ஈறு கெடுதல் என்று இலக்கணத்தில் வருவதெல்லாம் அந்த ஈறு. வாய்க்குள் இருப்பது வேறு குடும்பம். அதன் தாய்ச்சொல் எயிறு என்றே நான் கருதுகிறேன்.

சங்கப் பாடல்களில் எயிறு நிறையவே வரும். இளம்பெண்ணின் கூரிய பல்லும் எயிறு, புலியின் கோரைப்பல்லும் எயிறு, காட்டுப்பன்றியின் கொம்பும் எயிறு. காதலியின் வெண்பற்களில் ஊறும் நீரை, பாலும் தேனும் கலந்த சுவைக்கு வள்ளுவர் ஒப்பிடும் 1121ஆம் குறளிலும் பல்லுக்கு அவர் ஆளும் சொல் எயிறுதான். அகராதியைப் புரட்டினால் எயிறுக்குப் பல் என்ற பொருளோடு ஈறு என்ற பொருளும் கிடைக்கிறது. நடுவில் நிற்கும் யகரம் தேய்ந்து முன்னுயிர் நீள்வது தமிழுக்குப் புதிதல்ல. பெயர் பேரானது, வியர்வை வேர்வையானது. சில வட்டாரங்களில் இன்றும் வழங்கும் எகிறு என்ற வடிவம் பழைய எயிற்றின் சாயலை விடவில்லை. மலையாளத்தில் பல்லு, கன்னடத்தில் ஹல்லு என்று இனமொழிகளிலும் வாழும் பல் என்ற சொல்லே பேச்சில் நிலைத்தது. எயிறு ஏட்டோடு ஒதுங்க, அதன் தேய்ந்த வடிவம் சதைக்கு மட்டும் பெயராக நின்றுவிட்டது.

பல்லையும் அதைப் பிடித்திருக்கும் சதையையும் ஒரே பெயரால் சுட்டியதில் உண்மை இருக்கிறது. பல் எலும்பில் நேரே ஒட்டி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்பின் குழிக்கும் நடுவே நுண்ணிய நார்கள் ஆயிரக்கணக்கில் ஓடி அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த இணைப்புக்கு மேல்மூடி ஈறு. மூடி பழுதானால் உள்ளே நாரும் எலும்பும் கரையத் தொடங்கும். சொத்தையே இல்லாத, பால்போல் வெளுத்த பல் நடுவயதில் ஆடி விழுவது இப்படித்தான்.

ஆனால் நாம் செய்யும் வேலைக்கு வைத்திருக்கும் வினைச்சொற்களைப் பாருங்கள். பல் விளக்குகிறோம், பல் துலக்குகிறோம், பல் தேய்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் பல் தீட்டுவார்கள். எல்லாம் பளபளப்பாக்கும் வினைகள். பாத்திரத்தை விளக்குவதுபோல் செங்கல் பொடியும் கரியும் சாம்பலும் போட்டுப் பல்லை அழுத்தித் தேய்த்த தலைமுறைகளில் பலருக்குப் பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்தது, ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிந்தது. கெட்டியான நாருள்ள பிரஷ்ஷால் குறுக்கே அறுப்பவர்களுக்கும் அதே கதிதான்.

ஈற்றுக்கு வேண்டியது மெருகு அல்ல. பல்லும் ஈறும் சந்திக்கும் கோட்டில் நாள்தோறும் படியும் மெல்லிய பாக்டீரியாப் படலம் அகல வேண்டும், அவ்வளவுதான். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய தோழர்களும் இதை நேரே காட்டினார்கள். ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஆய்வு இது. தொடக்கநிலை ஈறு நோய் நம் கையாலேயே மீளக்கூடியது. படலத்தை விட்டுவைத்தால் உமிழ்நீரின் தாதுக்கள் ஏறிக் காரையாகக் கெட்டிப்படும். ஊத்தை என்று நம் பாட்டிமார் சொன்னது இதையெல்லாம் சேர்த்துத்தான். காரை பிரஷ்ஷுக்கு அசையாது, பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அப்படிச் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில், கரைந்த எலும்பை மறைத்துக்கொண்டிருந்த காரை போனதும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது.

நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் சார்லஸ் பாஸ் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சொல்லிக்கொடுத்த முறையே இன்றும் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. மென்மையான பிரஷ்ஷை ஈற்றுக் கோட்டில் 45 பாகைச் சாய்வாக வைத்து, நாரின் நுனி அங்கேயே நிற்க, மெல்ல அசைக்க வேண்டும். பல்லிடுக்குக்குத் தனியாக நூலோ சிறு பிரஷ்ஷோ தேவை.

ரத்தம் கசிந்தால் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் நோய் இருக்கிறது, அங்கேதான் இதமாகவும் முழுமையாகவும் சுத்தம் செய்ய வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இயக்குநீர் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். சர்க்கரை நோய் ஈற்றைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை அடங்கவிடாது. புகைப்பவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவர்கள் ஈற்றில் ரத்தக் கசிவு குறைந்துவிடுவதால் எச்சரிக்கையே கிடைக்காமல் நோய் ஆழத்துக்குப் போய்விடும்.

ஈழத்தில் ஈற்றுக்குப் பெயர் முரசு. முரசு வீக்கம், முரசில் ரத்தம் என்றுதான் அங்கே நோயைச் சொல்வார்கள். தமிழ்நாட்டு வாசகருக்குப் போர்ப்பறை நினைவுக்கு வரலாம், அங்கே அது வாய்க்குள் இருக்கிற அன்றாடச் சொல். இரு கரைக்கும் பொதுவான பழமொழி, பல் போனால் சொல் போச்சு. இது வெறும் எதுகை அன்று. மேல்பல்லின் அடியை நாவின் நுனி தொடும்போதுதான் தகரமும் நகரமும் பிறக்கின்றன என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்திருக்கிறது. முன்பல் விழுந்தவர் வாயில் அந்த இரண்டும் குழறுவதைக் காதால் கேட்கலாம்.

பல் முளைக்காத குழந்தையின் ஈற்றைப் பால் குடித்தபின் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பல்லெல்லாம் போன முதியவருக்கும் அது தேவை. பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு ஆண்டுக்காண்டு தேய்வதால், நேற்றுப் பொருந்திய பல்செட் இன்று உராய்ந்து புண்ணாக்கும். இரவில் செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவி நீரில் போட்டுவிட்டு, ஈற்றையும் நாக்கையும் மென்மையாகத் துடைத்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், வெற்றிலை பாக்கும் புகையிலையும் போட்டவர் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.