வட்டில் இடமில்லை (கணினிப் பிழை)

வட்டில் இடமில்லை என்பது, ஒரு கோப்பை உருவாக்கவோ அதில் எழுதவோ முயலும்போது இயங்குதளம் தரும் பிழைச் செய்தி ஆகும். பெரும்பாலும் வட்டு உண்மையிலேயே நிரம்பியிருக்கும். எனினும், போதிய வெற்றிடம் இருக்கும்போதும் இச்செய்தி தோன்றுவதுண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் இப்பிழையின் எண் 28 ஆகும். வெவ்வேறு வளங்களின் பற்றாக்குறையை இந்த ஒரே எண் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. எந்த வளம் தீர்ந்தது என அறியாமல் கோப்புகளை அழித்தால், பிழை தீராமலே தேவையான தரவுகள் இழக்கப்படக்கூடும்.

தமிழ்நாட்டில் பின்னணி

கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் சென்னையில் தொடங்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இதில் பங்கேற்றன. குரோம்பேட்டை, 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் அடங்கும். இம்முயற்சியின் வழியே, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் இது விண்டோசுடன் சேர்த்து வழங்கப்பட்டது. இதனால் லினக்ஸ் கோப்பு முறைமைகள் மாணவர் பலருக்கு அறிமுகமாயின.

காரணங்கள்

ஐநோட் பற்றாக்குறை: எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகியவற்றில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோட் தேவை. இவற்றின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிறது. எக்ஸ்ட்4இல் வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், 16 கிகாபைட் பகுதியில் சுமார் 10 இலட்சம் ஐநோட்டுகள் இருக்கும். 4 கிலோபைட் கோப்புகளாகவே சேர்ந்தால், கால் பங்கு இடம் நிரம்பும் முன்னரே ஐநோட்டுகள் தீர்ந்துவிடும். மின்னஞ்சல் வழங்கிகளிலும், தற்காலிகக் கோப்புகள் குவியும் இடங்களிலும் இது நிகழும்.

ஒதுக்கப்பட்ட இடம்: எக்ஸ்ட் வகை முறைமைகள் 5 விழுக்காட்டு இடத்தை நிருவாகிக்கென ஒதுக்குகின்றன. 100 கிகாபைட் பகுதியில் இது 5 கிகாபைட் ஆகும். பிற பயனர்கள் இதில் எழுத இயலாது.

அழித்தும் விடுபடாத கோப்பு: ஒரு நிரல் திறந்து வைத்துள்ள கோப்பை அழித்தால் பெயர் மட்டுமே நீங்கும், அந்நிரல் கோப்பை மூடும்வரை இடம் விடுபடாது.

மூல அடைவின் வரம்பு: ஃபேட்16 முறைமையின் மூல அடைவில் வழக்கமாக 512 பதிவுகளே உண்டு. தமிழில் பெயரிட்ட கோப்பு குறைந்தது 2 பதிவுகளையும், பெயர் 13 குறியீடுகளை மீறினால் 3 பதிவுகளையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே, பழைய விரலிகளில் சுமார் 250 தமிழ்க் கோப்புகளிலேயே மூல அடைவு நிரம்பிவிடும்.

கண்காணிப்பு வரம்பு: கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை வசதியின் வரம்பு தீர்ந்தாலும் லினக்ஸ் இதே பிழையைத் தரும். இதற்கும் வட்டுக்கும் தொடர்பில்லை.

கண்டறிதலும் தீர்வும்

முதலில் டிஎஃப் கட்டளையால் வெற்றிடத்தையும், அதே கட்டளையை ஐ தெரிவுடன் இயக்கி ஐநோட் நிலையையும் காணலாம். ஐநோட் பயன்பாடு 100 விழுக்காடு எனில், தேவையற்ற சிறு கோப்புகள் குவிந்துள்ள அடைவைக் கண்டு நீக்க வேண்டும். பெரிய கோப்பு ஒன்றை அழிப்பதால் ஓர் ஐநோட் மட்டுமே கிடைக்கும். நிலையான தீர்வுக்கு, தரவுகளைப் படியெடுத்தபின் கூடுதல் ஐநோட்டுகளுடன் மறுபடி வடிவமைக்கலாம்.

டிஎஃப் காட்டும் பயன்பாட்டைவிட, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ மிகக் குறைவாகக் காட்டினால், அழித்தும் திறந்திருக்கும் கோப்பு காரணமாக இருக்கலாம். எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் உரிய நிரலைக் கண்டறிந்து, அதை மறுபடி தொடங்கினால் இடம் விடுபடும். ஒதுக்கீட்டு அளவை டியூன்2எஃப்எஸ் கொண்டு குறைக்கலாம். இயங்குதளம் உள்ள பகுதியில் அதை முற்றிலும் நீக்குதல் நன்றன்று. ஃபேட்16 விரலியில் கோப்புகளைத் துணை அடைவுக்கு மாற்றினாலே போதும். துணை அடைவுகளுக்கு அந்த 512 வரம்பு இல்லை.